விளக்கு வைத்த பிறகு சொல்லக் கூடாத பெயர்

கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் தரைத்தளம். "கீழ்வீடுன்னா நல்லதுதானே, குழந்தைய வச்சுக்கிட்டு மாடி ஏறி இறங்க வேண்டாம்" என்று சொல்லித்தான் என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அது. அவருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்குக் கும்பகோணத்தை விட்டு வந்த கோபம். பெண்ணுக்கு இரண்டு வயது. பங்குனியில் அந்த வீடு லட்சணமாகத்தான் இருந்தது. பின்பக்கம் ஒரு குளம், குளம் முழுக்க ஆகாயத்தாமரை, சுவரோரம் நாலு வாழை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் அவ்வளவு சந்தோஷமாகக் காலி செய்துகொண்டு போனார்கள் என்பது ஆடி பிறந்த பிறகுதான் தெரிந்தது.

மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் குளம் எழுந்து எங்கள் வாசற்படிவரை வரும். தண்ணீர் படியோடு நின்றுவிடும். அதில் இருந்தவை நிற்காது. குளியலறைத் தூம்பு வழியாக மண்புழு மாதிரி ஒன்று வரும், கறுப்பாக, பளபளவென்று, எது தலை எது வால் என்று தெரியாமல். அதற்குக் கண்ணே கிடையாது, ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொன்னார்கள். அது காதுக்குள் புகுந்துவிடும் என்று சின்ன வயதில் கேட்டிருந்த நான், அந்த மழைக்காலம் முழுக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். இன்னொரு நாள் உருளைக்கிழங்குக் கூடைக்குள் தண்ணீர்ப்பாம்புக் குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. கிழங்கு எடுக்கப் போன கையை அதன் பக்கத்தில் கொண்டுபோய்விட்டுத்தான் பார்த்தேன். அன்றைக்குச் சமையல் இல்லை.

பெரிய பாம்பு வந்தால் ஊரைக் கூட்டலாம், வாசலுக்கு ஓடலாம், கம்பு எடுத்து வரச் சொல்லலாம். ஒரு சாண் நீளத்தில் வருகிறதே, அதை என்ன செய்வது? அது செருப்புக்குள் இருக்கலாம். சுருட்டி வைத்த பாயில் இருக்கலாம். தலையணை உறைக்குள்கூட இருக்கலாம். அந்த வீட்டில் நான் எதையும் முதலில் காலால் தட்டாமல் கையால் எடுத்ததில்லை. துவைத்து மடித்த புடவையைக்கூட உதறிவிட்டுத்தான் கட்டுவேன். "நீ உதர்ற உதறல்ல பாம்புக்கே மயக்கம் வந்துடும்" என்று அவர் கேலி செய்வார். அவர் காலை எட்டு மணிக்குப் போய்விடுகிற ஆள். கேலி செய்யலாம்.

மருந்தும் மந்திரமும் செய்து பார்க்காமல் இல்லை. அங்கே எல்லோரும் மழைக்காலத்தில் கார்பாலிக் ஆசிட் வாங்கி வீட்டைச் சுற்றித் தெளிப்பார்கள். நான் தெளித்ததில் சாம்பார்கூட அந்த வாசனையே அடித்தது. பாதத்தில் ஒரு சொட்டு பட்டுத் தோல் வெந்துபோனதுதான் மிச்சம். ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் என் அக்கா ஆகாச கருடன் கிழங்கு கொடுத்தனுப்பினாள். நிலைப்படியில் கட்டித் தொங்கவிட்டால் அந்த வாசலை எதுவும் தாண்டாதாம். கல்கத்தாவின் ஈரக்காற்றில் அது தொங்கியபடியே முளைத்து, கொடி விட்டு, நிலைக்கு மேலே பச்சைப்பசேலென்று படர்ந்தது. அந்தக் கொடியின் வழியாகவே ஒருநாள் ஒன்று இறங்கி வந்தது. அக்காவுக்கு நான் அதை எழுதவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெங்காலி அம்மாள் வருவாள். ஐம்பது வயதிருக்கும். அங்கே வழக்கம்போல நாங்கள் அவளைச் சித்தி என்கிற பொருளில் மாஷி என்று கூப்பிட்டோம். அவள் என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்பாள். அவள் பிறந்தது சுந்தரவனத்துப் பக்கம். பாம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. எனக்குத்தான் அவள் பேசியது புரியவில்லை. முதல் வருஷம் ஆடியில் ஒருநாள், அந்தி சாய்ந்து நான் சாமிக்கு விளக்கேற்றிய சமயம், அவள் அடுப்படியிலிருந்து "பௌதி! லொதா! லொதா!" என்று கத்தினாள். தேய்ப்பதற்கு லோட்டா கேட்கிறாள் போலிருக்கிறது, அதற்கு ஏன் இப்படி அலறுகிறாள் என்று எரிச்சலோடு குளியலறையிலிருந்த லோட்டாவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் அடுப்பு மேடையின்மேல் ஏறி நின்றிருந்தாள். லோட்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை வளைத்து வளைத்து ஆட்டிக் காட்டினாள். என் காலுக்குப் பக்கத்தில் அது ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. நானும் மேடைமேல் ஏறினேன்.

லொதா என்றால் கொடி. நம் ஊரில் லதா என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறோமே, அதே சொல்தான். அந்திக்குப் பிறகு பாம்பின் பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், அதனால் கொடி என்று சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அதேதானே! விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரை என் அம்மா வாயில் எடுத்து நான் கேட்டதே இல்லை. பூச்சி என்றுதான் சொல்வாள். "கொல்லைல பூச்சி நடமாட்டம் இருக்கு, பாத்துப் போ" என்றால் எங்களுக்குப் புரியும். இதை நான் பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் மாஷிக்குச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஊருக்கு வந்து முதல் முதலில் ஒரு மனுஷியிடம் எனக்கு ஒட்டுதல் வந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு அந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. விளக்கு வைத்துவிட்டால் நான் பூச்சி என்பேன், அவள் லொதா என்பாள், இரண்டு பேரும் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மாஷி எனக்கு இன்னொன்றும் கற்றுக்கொடுத்தாள். அதைக் கேட்டதிலிருந்துதான் என் பயம் வேறு மாதிரி ஆனது. உடம்பில் வெள்ளை வளையம் போட்ட சின்னப் பாம்பு இரண்டு வகை உண்டு என்றாள். ஒன்று கொர்சிதி. வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும், கடித்தாலும் விஷம் கிடையாது. இன்னொன்று காலாச். நம் ஊர்க் கட்டுவிரியன். கொர்சிதிக்கு வளையம் கழுத்திலிருந்தே ஆரம்பிக்கும், காலாச்சுக்குத் தலைப்பக்கம் வெறுமையாக இருக்கும், வளையம் தள்ளித்தான் தொடங்கும். தன் கையையே பாம்பாக நீட்டி, மணிக்கட்டில் ஒரு வளையலையும் முழங்கைக்குக் கீழே ஒரு வளையலையும் வைத்துக் காட்டினாள். காலாச் கடித்தால் வலிக்காது, கொசு கடித்த மாதிரி இருக்கும், வீங்காது, அப்புறம் வயிறு வலிக்கும், கண் இமை தானாகத் தொங்கும், அதோடு சரி. இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கடாயைத் தேய்க்கப் போய்விட்டாள். வலிக்காத கடி என்றால் எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியோடு இரண்டு வருஷம் ஓட்டினேன். பெண்ணுக்கு நாலு வயதாயிற்று. அவளுக்கு வாய் திறந்தாலே பெங்காலிதான். மாஷியோடும், மேல்வீட்டுக் குழந்தைகளோடும், தூங்கும்போது தனக்குத்தானேயும் அதுதான். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவாள், அதுவும் என் முறைப்புக்குப் பயந்து. தெரியாத சொல்லுக்கெல்லாம் நடுவில் பெங்காலியைச் செருகிக்கொள்வாள். எங்கள் வீட்டுச் சட்டத்தை மட்டும் இரண்டு மொழியிலும் சுத்தமாகக் கற்றிருந்தாள். பூச்சி, லொதா. அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. நம்ம வீட்டுப் பழக்கம் ஒன்றாவது ஒட்டிக்கொண்டதே என்று.

அந்த நாள் ஆடி வெள்ளிக்கிழமை. மூன்று நாள் மழை. படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. அவர் காலையில் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். மாஷி மதியவேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். இரண்டரை மணி இருக்கும், வானம் கறுத்து, கரண்டும் போனது. பட்டப்பகலில் எதிரே இருப்பவர் முகம் தெரியாத இருட்டு. நான் அரிக்கேன் விளக்கை ஏற்றி அறையின் நடுவில் வைத்துவிட்டு, ஈரம் காயாத துணிகளை ஜன்னல் கம்பியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பெண் மூலையில் சாமான்களோடு உட்கார்ந்து, ஒரு டப்பாவைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பூச்சி கடிச்சுது" என்றாள்.

அழவில்லை. கூவவில்லை. ஒரு செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்பு, அதில் புள்ளி மாதிரி ஏதோ இருந்தது, ஒன்றா இரண்டா என்று பார்க்கத் தோன்றவில்லை. மூலையில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை டப்பாவை அங்கே உருட்டினால் எறும்பு கடிக்காமல் என்ன செய்யும்? "தரைல உக்காராதன்னு எத்தன தடவ சொல்றது" என்று இரண்டு திட்டுத் திட்டிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, கட்டில்மேல் தூக்கி உட்காரவைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் துணிக்குத் திரும்பிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ட்யூப் லைட் இரண்டு முறை சிமிட்டிவிட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன், அதே மூலையில், அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக, கறுப்பில் வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பயம் வந்தாலும் அப்படித்தான். துணி அடிக்கிற கட்டையை எடுத்து அடித்தேன். அது செத்த பிறகும் அடித்தேன். தரையின் சிமென்ட் பெயர்ந்துவிட்டது. நின்று மூச்சு வாங்கும்போதுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. அம்மா, பூச்சி கடிச்சுது.

கட்டிலுக்கு ஓடினேன். "எந்தப் பூச்சிடி? எந்தப் பூச்சி கடிச்சுது? இதுவா? எறும்பா? சொல்லு!" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். கையில் கட்டை இருந்தது. அதன் நுனியில் ரத்தம். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. காலைப் பார்த்தேன். சிவப்பு மறைந்திருந்தது. வீக்கம் இல்லை. வலிக்குதா என்றால் இல்லை என்று தலையாட்டினாள். வலிக்கவில்லை என்பதுதானே பயம்!

செத்ததை முறத்தால் அள்ளி ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டேன். மேல்வீட்டில் கத்திச் சொன்னேன், அவர்கள் என் கணவரின் ஆபீசுக்குப் போன் செய்வதாகச் சொன்னார்கள். ஒரு இடுப்பில் பெண், ஒரு கையில் பாட்டில், முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். தண்ணீருக்குள் கால் வைக்கவே நடுங்குகிறவள் நான். அன்றைக்கு அதில் நூறு பாம்பு இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. பெரிய தெருவில் ஒரு ரிக்‌ஷாக்காரர் பாட்டிலைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ஏறு என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் நான் அவள் இமையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கண்ணைச் சிமிட்டினால் திரும்பத் திறக்கிறாளா என்று எண்ணிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையிலிருந்து பாதி உடம்புவரை நான் கூழாக்கி வைத்திருந்தேன். வளையம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எதைப் பார்க்க வேண்டுமோ அதையே தேடிப் பிடித்து அடித்திருக்கிறேன். வால்பக்கம் பார்த்தால் விஷமில்லாதது மாதிரிதான் இருக்கிறது, ஆனால் மாதிரியை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று இந்தியில் சொன்னாள். முதலில் இது கடித்ததா என்றே தெரியவில்லையே, பார்த்தீர்களா என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

அவள் குனிந்து குழந்தையிடம் பெங்காலியில் கேட்டாள். "போகா, நா ஷாப்?" பூச்சியா, பாம்பா?

பெண் விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டாக்டர் ஒரு பிஸ்கட் கொடுத்துக் கேட்டாள். நர்ஸ் பாடிக் காட்டிக் கேட்டாள். நான் "சொல்லுடி, என் கண்ணு இல்ல, சொல்லு" என்று அழுதுகொண்டே கேட்டேன். அவள் பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் தேவையில்லாமல் போட்டால் அதுவே குழந்தைக்கு ஆபத்தாகலாம், ஏதாவது அறிகுறி தெரிகிறதா என்று பார்ப்போம் என்றாள் டாக்டர். ஒரு கட்டிலைக் காட்டினாள். இமையைப் பாருங்கள், விழுங்க முடிகிறதா பாருங்கள், வயிறு வலிக்கிறது என்றால் உடனே கூப்பிடுங்கள்.

ஐந்தரை மணிக்கு அவர் வந்தார், கூடவே மாஷியும். மாலை வேலைக்கு வந்தவள் தரையில் ரத்தத்தைப் பார்த்து, மேல்வீட்டில் விசாரித்து, அவ்வளவு தூரம் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறாள். புடவை இடுப்புவரை ஈரம். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காதோடு ரகசியம் பேசுகிறவள் போல, "லொதா?" என்றாள்.

பெண் தலையை ஆட்டினாள். மேலும் கீழும், பெரிதாக, அவ்வளவு நேரம் அதற்கே காத்திருந்த மாதிரி. அப்புறம் மடமடவென்று கொட்டினாள். டப்பாவுக்குப் பின்னால் இருந்ததாம், வழவழவென்று இருந்ததாம், இவள் பிடித்தாளாம், காலில் கடித்துவிட்டு உள்ளே போயிற்றாம்.

என்னால் உட்கார முடியவில்லை. "பாம்புன்னு தெரிஞ்சுதுல்ல? அப்பவே பாம்புன்னு சொல்ல வேண்டியதுதானேடி!" என்றேன்.

"விளக்கு ஏத்திட்டியேம்மா" என்றாள் பெண்.

பகல் இரண்டரை மணிக்கு ஏற்றிய அரிக்கேன் விளக்கு! அது கரண்ட் போனதற்கான விளக்கு, இது சாமிக்கான விளக்கு என்று நாலு வயதுக்கு யார் பிரித்துச் சொன்னார்கள்? விளக்கு வைத்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னாள். எங்கள் சட்டப்படி அவள் சரியாகத்தான் சொன்னாள். அவள் பூச்சி என்று சொன்னபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததை மறந்தவள் நான்தான். ஆஸ்பத்திரியிலும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அப்படியானால் கடித்தது பாம்புதான். இனி அது எந்தப் பாம்பு என்பதுதான் பாக்கி. மாஷி பாட்டிலை வாங்கிப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், "கொர்சிதி" என்றாள். நிச்சயமாகவா என்றேன். அவள் கையெடுத்து எங்கோ கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

ஆறரை, ஏழு, ஏழரை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விழுங்குகிறாளா என்று பார்க்க ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்தோம். போதும் என்று அவள் தட்டிவிட்டாள். தொண்டை அடைத்துவிட்டதோ என்று நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். வயிறு வலிக்குதா என்று நான் இருபது தடவை கேட்டதில், இருபத்தோராவது தடவை "வலிக்குது" என்றாள். உயிர் போயிற்று. டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்து, பசியாக இருக்கும் என்றாள். இரண்டு பிஸ்கட் தின்றதும் வலி போய்விட்டது.

எட்டு மணிக்கு அவளுக்குத் தூக்கம் வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருகிற தூக்கம்தான். இமை மெல்ல இறங்கியது. எந்த அம்மாவும் பார்க்க ஆசைப்படுகிற காட்சி அது. எனக்கு அதைவிடப் பயங்கரமான எதையும் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததாக ஞாபகமில்லை. "தூங்காதடி, தூங்காதடி" என்று கன்னத்தைத் தட்டினேன். திறந்தாள், மறுபடி இறங்கியது. கதை சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரே பெங்காலிப் பாட்டைத் தப்புத்தப்பாகப் பாட, அவள் தூக்கக் கலக்கத்திலும் அதைத் திருத்தினாள். திருத்தியதில் நாக்குக் குழறவில்லை என்று அவர் சந்தோஷப்பட்டார். குழறியது என்று எனக்குத் தோன்றியது. அதற்காக அந்தக் கட்டிலருகே நின்று சண்டை போட்டோம். கடைசியில் டாக்டர் வந்து, தூங்கட்டும், நான் வந்து வந்து எழுப்பிப் பார்க்கிறேன் என்றாள். பெண் மூச்சு விடுவதை நான் என் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தது. பெண் கண்ணைத் திறந்தாள், இரண்டையும், முழுசாக. "மாஷி எங்கே?" என்றாள். போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அடுத்த வருஷமே அவர் அலைந்து திரிந்து அலிப்பூர் பக்கம் மூன்றாவது மாடியில் வீடு பிடித்தார். வாடகைக்குத்தான். அங்கே பல்லிகூட அபூர்வம். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துபோன தமிழ்க்காரர்கள் அத்தனை பேரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். அவர்தான் சொல்வார். துறைமுகத்தில் தனக்கு வேலை கிடைத்த கதை மாதிரி அலுக்காமல் சொல்வார். "கரண்ட் போச்சுன்னு இவ அரிக்கேன ஏத்தி வச்சா. என் பொண்ணு, விளக்கு வச்சாச்சே, அந்தப் பேரச் சொல்லக் கூடாதேன்னு பூச்சின்னுட்டா! அவ்வளவு ஒழுங்கு!" கேட்பவர்கள் சிரிப்பார்கள். என்ன சமர்த்து என்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். பெண் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் அவர் அதை விடவில்லை. அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று காலை அவர் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கக் கீழே போயிருந்தபோது, டாக்டர் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, இனிமேல் ஏதாவது கடித்தால் உடனே அம்மாவிடம் சரியாகச் சொல்ல வேண்டும், சரியா, என்று பெங்காலியில் சொன்னாள்.

"போல்லே மா மார்பே" என்றாள் என் பெண்.

சொன்னால் அம்மா அடிப்பாள். மூன்றே சொல். டாக்டர் சட்டென்று என்னைப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்க என்னிடம் இந்தியில் பேசியவள், எனக்குப் புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மெதுவாகச் சிரித்தாள். நானும், புரியாதவள் சிரிக்கிற சிரிப்பாகத் திருப்பிச் சிரித்தேன்.

பாம்பு கடித்ததற்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு அந்தியில், விளக்கேற்றி முடித்த கையோடு, இவள் விளையாட்டாகப் பாம்பு, பாம்பு என்று பாடிக்கொண்டே குதித்தாள். வாயின்மேல் ஒரு அடி வைத்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். ஒழுங்கும் இல்லை, சமர்த்தும் இல்லை. அந்த மூலையில் கையில் வழவழவென்று ஒன்றைப் பிடித்தபோது, அது கடித்தபோது, என் பெண் பயந்தது அதற்கு அல்ல.

டாக்டர் போன பிறகு அவளைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டேன். கையை நீட்டினேன். அவள் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் பிடித்துக்கொண்டாள்.